பாப்பாவின் பொட்டை அழித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே குழந்தைகளைப் படம் எடுப்பது எப்படி என்று முழுப்பக்கம் ஒன்று வந்திருந்தது. ஜன்னல் ஓரமாகக் கிடத்துங்கள், பால் குடித்து முடித்த நேரம் பாருங்கள், நின்றபடி மேலிருந்து எடுக்காமல் தரையோடு தரையாகக் குனிந்து எடுங்கள் என்று எல்லாம் நியாயமான யோசனைகள். கடைசிப் பத்திக்கு வந்ததும்தான் எனக்கு உறுத்தியது. பிள்ளை நிறம் கம்மியாகத் தெரிந்தால் செயலியில் கொஞ்சம் பொலிவு ஏற்றிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு வரி. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், எங்கள் வீட்டிலும் நடந்தது, நானே என் கையால் செய்தேன், அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நிறம் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. செவ்வாய்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது, அப்பா காலத்தில் இருந்து நடக்கிறது. முன்பெல்லாம் வடக்கே இருந்து வியாபாரிகள் நேரில் வந்து மாதிரி பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பு என்கிறார்கள். அதற்காகத்தான் பழைய கேமரா ஒன்று வாங்கினேன், கூடவே வரும் 18-55 லென்ஸோடு. வெள்ளியைப் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. வெள்ளைத் தெர்மாகோல் மேல் கொலுசை வைத்து எடுத்தால் எல்லாம் அழுக்குச் சாம்பலாக விழும். சரி என்று கருப்பு வெல்வெட் மேல் வைத்தால் அதே கொலுசு வெளிறிப் போய், கம்பி வேலை ஒன்றும் தெரியாமல் பளீரென்று எரிந்துவிடும். கொலுசு அதேதான், டியூப்லைட்டும் அதேதான். எதிரே இருப்பது எதுவானாலும் மொத்தமாகச் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சக் கணக்குப் போடுகிறது. 18 சதவீதச் சாம்பல் என்று அதற்குப் பெயர். வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், கருப்பு நிறைய இருந்தால் கூட்டிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்தி அதை நாம்தான் திருத்த வேண்டும். இது கொலுசில் எனக்கு ஆறு மாதத்தில் பழகிவிட்டது. ஒரு பிள்ளையின் முகத்துக்கும் இதே கணக்குதான் என்பது அப்போது என் புத்தியில் படவில்லை.

அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐப்பசி மழையில் பெண் பிறந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கருப்பு, ஆயா கருப்பு, அம்மா கருப்பு, அக்காவும் நானும் அப்படியே. பாப்பாவும் எங்கள் வழியில் வந்தாள். பிறந்த குழந்தையின் நிறம் நாள் போகப் போகத்தான் நிலைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அதற்குள் அவசரம். குங்குமப்பூ சாப்பிடவில்லையா என்று ஒருவர் கேட்டார். கை விரல் நீளம், தலைமுடி அடர்த்தி, காது மடல் என்று பார்ப்பதற்கு எத்தனையோ இருக்கும்போது, வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் முதலில் சொன்னது நிறத்தைத்தான். அக்கா ஒன்றும் பதில் பேசவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, புது வெள்ளைப் பூத்துவாலையில் சுற்றிக் கட்டிலில் கிடத்தி நான் முதல் படம் எடுத்தேன். துவாலை சாம்பலாக விழுந்தது, முகம் கரிக்கட்டை மாதிரி ஒரே இருட்டு. கண் எது புருவம் எது என்று தெரியவில்லை. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆத்தூருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் கலர் ஏத்தி அனுப்புடா" என்றாள். ஆத்தூர்தான் மாமா வீடு. நானும் போனில் இருந்த செயலியைத் திறந்து விரலை வலப்பக்கம் இழுத்தேன். பாப்பா சிவந்து, பால் மாதிரி ஆகிவிட்டாள். அனுப்பினேன். உடனே போன் வந்தது, பிள்ளை நல்ல கலர் என்று அங்கே ஒரே சந்தோஷம். பத்து நாள் கழித்து அவர்கள் நேரில் வந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மாமாவின் அம்மா, மெதுவாகத்தான், குத்தலாகக்கூட இல்லை, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் பிள்ளை, அதன் படத்தோடு ஒப்பிட்டுக் குறைபட்டுப் போனது. அந்தப் படத்தைச் செய்தவன் நான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அந்தப் படத்தைக் கேமராவில் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் தெர்மாகோல் நினைவுக்கு வந்தது. முகம் இருட்டாக விழுந்ததற்குக் காரணம் அந்த வெள்ளைத் துவாலை. முக்கால் படம் வெள்ளையாக இருந்ததால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது, அந்தக் குறைவு முழுக்க முகத்தின் மேல் விழுந்தது. படம் எடுத்த பிறகு செயலியில் போய்ச் சுண்ணாம்பு அடிப்பதற்குப் பதிலாக, எடுக்கும்போதே அந்தக் கூட்டல் கழித்தல் பட்டனில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருந்தால் பாப்பா பாப்பாவாகவே விழுந்திருப்பாள். துவாலையை மாற்றினேன். ஆயாவின் பழைய நூல் சேலை, துவைத்துத் துவைத்துச் சாம்பல் பூத்தது, அதை விரித்துக் கிடத்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி எடுத்தேன். கன்னம் தெரிந்தது, கன்னத்தின் மேல் படிந்திருந்த மெல்லிய பூனைமுடி தெரிந்தது, மூக்கு நுனியில் ஒரு மினுக்கம். கருப்பு நிறத்துக்கு அப்படி ஒரு குணம் இருக்கிறது, பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் மெருகேற்றிய வெள்ளி மாதிரி வளைவுக்கு வளைவு மினுக்கி முகத்தின் அமைப்பை எடுத்துக் காட்டும். நேர் எதிரே இருந்து பிளாஷ் அடித்தால் அத்தனையும் தட்டையாகிப் போகும், பிள்ளையும் திடுக்கிட்டு அழும். அதேபோல முகத்தில் பவுடர் அப்பிவிட்டுப் படம் எடுப்பதையும் நிறுத்தச் சொன்னேன். கருப்பு மேல் வெள்ளைப் பவுடர் படத்தில் சாம்பலாகத்தான் விழும், பிள்ளை சீக்காளி மாதிரி தெரியும். குளிப்பாட்டித் துடைத்த முகமே போதும்.

எங்கள் ஆயாவுக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது, ஆயுசுக்கு ஆகாது என்பது அவருடைய நம்பிக்கை. எங்கள் ஊரில் பல வீடுகளில் இன்னமும் இருக்கிற நம்பிக்கைதான். நான் எதிர்த்துப் பேசவில்லை. நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "பொட்டு இல்லாம ஒரு படமும் புடிக்கப்படாது சாமி." கடையில் வாங்கும் மை கிடையாது, அவரே செய்வார். சேலத்தில் ஜவ்வரிசிக்கா பஞ்சம், இரும்புச் சட்டியில் அதைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்த சாந்து. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்து, இடது கன்னத்தில் எட்டணாக் காசு அளவுக்கு வைப்பார்.

அந்தப் பொட்டு எனக்கு எவ்வளவு உதவியது என்று சொன்னால் படம் எடுக்கிறவர்களுக்குப் புரியும். படத்தில் பொட்டு நல்ல கருப்பாக இருக்க வேண்டும், அதைச் சுற்றி இருக்கும் கன்னம் அதிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும், அப்படியானால் வெளிச்சம் சரி. பொட்டு சாம்பலாகிவிட்டால் வெளிச்சம் அதிகம். பொட்டும் கன்னமும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வெளிச்சம் போதவில்லை. இந்தப் பக்கம் பொட்டு, அந்தப் பக்கம் கண்ணின் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் பாப்பாவின் நிறம் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆயா திருஷ்டிக்கு வைத்தது, எனக்கு அதுதான் வெளிச்சம் அளக்கும் மீட்டர்.

அப்புறம்தான் நான் நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கொலுசு சொன்ன இடத்தில் கிடக்கும். பிள்ளை கிடக்காது. முதல் இரண்டு மாதம் பாப்பா ஒரு படத்திலும் என்னைப் பார்க்கவே இல்லை, கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தேன், நாக்கைச் சொடக்கிப் பார்த்தேன், அவள் பார்வை எங்கேயோ இருந்தது. தடுப்பூசி போடப் போனபோது அங்கே இருந்த நர்ஸ் அம்மாதான் சொன்னார், பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றே கால் சாண் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் மங்கல் என்று. மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் அம்மாவின் முகத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது. என் லென்ஸோ அவ்வளவு கிட்டே போனால் ஃபோகஸ் ஆகத் திணறும். அவளுக்கு நான் தெரிகிற தூரத்தில் எனக்கு அவள் தெரிய மாட்டாள். சரி, அவள் என்னைப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அக்கா மடியில் வைத்துக் கொஞ்சும்போது பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, அவள் தன் அம்மா முகத்தை அண்ணாந்து பார்ப்பதை எடுத்தேன். எனக்குக் கிடைத்த முதல் நல்ல படம் அதுதான். ஆறு ஏழு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள், அந்தச் சிரிப்பும் அக்காவுக்கும் ஆயாவுக்கும்தான். எனக்குச் சிரிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது, கேமராவைக் கீழே வைத்த பிறகு சிரித்தாள்.

50 எம்எம் லென்ஸ் ஒன்று பிற்பாடு வாங்கினேன், அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், 1.8 வரை அகலத் திறக்கும், எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகும் என்று ஆசை ஆசையாக முழுக்கத் திறந்து வைத்தே ஒரு மாதம் எடுத்தேன். பாதிக்கு மேல் வீண். என் கேமராவில் மூன்றடி தூரத்தில் வைத்து அப்படி எடுத்தால் மொத்தம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் கூர்மையாக விழும். கிட்டத்துக் கண் கூர்மை, தூரத்துக் கண் மங்கல். பிள்ளை தலையை ஒரு விரற்கடை ஆட்டினால் இரண்டு கண்ணும் போச்சு, காது மட்டும் கூர்மையாக இருக்கும். 4க்கு மூடிய பிறகுதான் இரண்டு கண்ணும் ஒன்றாக வந்தன. வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டரை நொடியில் 250ல் ஒரு பங்கை விட மெதுவாக விடுவதில்லை, கை கால் ஆட்டும் வேகத்துக்கு அதுவே சில நேரம் போதாது. அதற்காகக் கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஐஎஸ்ஓ என்பார்கள், 1600, 3200 என்று ஏற்ற வேண்டி வரும், கொஞ்சம் பொரிப் பொரியாக விழும். விழட்டும். இரவில் எல்இடி பல்பு வெளிச்சத்தில் ஷட்டரை வேகமாக வைத்தால் முகத்தில் கோடு கோடாக வரும், நம் மின்சாரத்தில் சில பல்புகள் நொடிக்கு 100 தடவை விட்டு விட்டு எரிவதால் வருவது அது. நான் இரவில் எடுப்பதையே விட்டுவிட்டேன்.

போட்டோகிராபி சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் வடக்குப் பார்த்த ஜன்னல்தான் நல்லது, அதில் வெயில் நேராக விழாது என்பார்கள். குளிர் தேசத்துக்கு அது சரி. எங்கள் வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்ததுதான், மார்கழி தை மாசி எல்லாம் அருமையான வெளிச்சம், அதை நம்பி இருந்தேன். சித்திரை பாதி தாண்டியதும் காலையிலும் சாயங்காலமும் அதே ஜன்னல் வழியாக வெயில் சரிந்து கட்டில் வரை வந்துவிட்டது. சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரியில் இருக்கிற ஊர். ஏப்ரல் கடைசி வாரத்தில் இருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த நாலு மாதம் ஜன்னலில் அப்பாவின் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுவேன். வெயில் அதில் பட்டு வேட்டி முழுக்க வெளிச்சமாகிவிடும், இதற்காகக் கடையில் விற்கும் சாமான் எதுவும் வேண்டாம். தூளியும் வேட்டியில் கட்டினால்தான் படத்துக்கு நல்லது. அம்மா மஞ்சள் சேலையில் கட்டிய அன்றெல்லாம் பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி விழுந்தது.

ஆனி மாதம் ஏற்காடு போனோம். பெரியப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். அடிவாரத்தில் வேர்த்துக்கொண்டிருந்தவர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபோது ஸ்வெட்டர் தேடினோம். மறுநாள் காலையில் வாசலில் பனிமூட்டம், சவுக்கு மரமா சில்வர் ஓக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு. எனக்கு ஒரே சந்தோஷம், ஊரே வேட்டி கட்டிய ஜன்னல் மாதிரி ஆகிவிட்டதே என்று பாப்பாவை முற்றத்துக்குத் தூக்கி வந்து எடுத்தேன். படம் சப்பென்று இருந்தது. எட்டுத் திசையில் இருந்தும் ஒரே அளவு வெளிச்சம் வந்தால் முகத்தில் நிழலே இருக்காது, நிழல் இல்லாத முகத்தில் கன்னம் எங்கே முடிந்து தாடை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. பெரியம்மாதான் குளிரில் ஏன் பிள்ளையை வெளியே வைத்திருக்கிறாய் என்று வாங்கிக்கொண்டு நிலைப்படிக்குள் போய் நின்றார். அங்கே பார்த்தால், பின்னால் வீட்டின் இருட்டு, முன்னால் பனியின் வெளிச்சம், பாப்பாவின் ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று, மறுபக்கம் மெல்ல மெல்ல இருண்டு அடுப்படி இருட்டோடு போய்ச் சேர்ந்தது. ஓட்டு விளிம்பில் இருந்து சொட்டிய தண்ணீரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழும் வரைக்கும் அவள் கண் அதோடு இறங்கும், அப்புறம் மேலே போய் அடுத்த சொட்டுக்குக் காத்திருக்கும். மூன்று படம்தான் எடுத்தேன், தும்மினாள், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அந்த மூன்றில் இரண்டாவது படம்தான் இப்போது பட்டறையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பது. கருப்பு நிறத்தில் எத்தனை நிறம் இருக்கிறது என்று அந்தப் படத்தில் நான் பார்த்தேன். நெற்றியில் ஒரு நீலம், கன்னத்தில் செம்பு, கழுத்து மடிப்பில் காப்பிக்கொட்டை. செயலியில் விரலை இழுத்தால் முதலில் காணாமல் போவது இவைதான்.

ஆவணியில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். நான் தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், கேமராவைத் தொட முடியாது. அதனால் தெரிந்த ஸ்டூடியோ ஒன்றில் சொல்லியிருந்தோம். வந்தவர் பொறுமையான மனிதர், கூட்டத்தில் முண்டாமல், ஆசாரியை மறைக்காமல் எடுத்தார். பாப்பா அழுத அழுகையில் என் சட்டை நனைந்து போனது. அவள் தலையை ஆட்டாமல் இருக்க என் இடது உள்ளங்கையால் தாடையை ஏந்திப் பிடித்திருந்தேன், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் வழிந்து என் விரலில் ஒட்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. நல்ல கனமான தாள். என் மடியில் ஒரு வெள்ளைக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தாடையை ஏந்தியிருந்த கை என் கையேதான், என் நிறம், நகக்கண்ணில் பட்டறைக் கருப்புகூட இருந்தது. அந்தக் கைக்குள் இருந்த முகம் எங்கள் வீட்டு முகம் இல்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆயா கண்ணாடி போட்டுக்கொண்டு ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு படத்தில் நிறுத்தி, பாப்பாவின் இடது கன்னத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். தாள் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, முந்தானையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பொட்டு எங்கடா கண்ணு?" என்றார். எல்லாப் படத்திலும் பொட்டை எடுத்திருந்தார்கள்.

நான் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போடவில்லை, கேட்கத்தான் செய்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். முகத்தில் இருக்கும் புள்ளியை எல்லாம் சாப்ட்வேர் தானே எடுத்துவிடும், அது பொட்டா, மச்சமா, பருவா என்று அதற்குத் தெரியாது. நிறம் ஏற்றாமல் கொடுத்தால் பத்தில் எட்டுப் பேர் திருப்பிக் கொண்டுவந்து என் பிள்ளை இவ்வளவு கருப்பா என்று கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேட்கிறவர்கள் நாம்தானே. நான் கேட்டுக்கொண்டதும் நாலு தாளைப் பழையபடி அச்சடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இந்தப் பழக்கம் நம்மோடு தொடங்கியதும் இல்லை. கலர் பிலிம் காலத்தில் படம் கழுவும் கூடங்களுக்குக் கோடாக் கம்பெனி ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும், ஷர்லி அட்டை என்று பெயர். 1950களில் இருந்து அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்து இயந்திரத்தைத் திருகுவார்கள். அந்தக் கணக்கில் கருப்பு முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற இருட்டாக விழுந்தன. பிலிமில் அடர் நிறங்கள் நன்றாக விழ வேண்டும் என்று அழுத்தம் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் உண்டு என்று படித்தபோது எனக்கு மனசு என்னமோ செய்தது. தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் கேட்பதற்கு ஆள் இருந்திருக்கிறது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் கேமராவுக்கு அந்தக் குறை இல்லை, கருப்பை அழகாக எடுக்கத் தெரிந்த கேமராதான். எடுத்ததை அழிப்பது நாம்.

அதனால் ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் வாராவாரம் வாசகர் வீட்டுக் குழந்தைகளின் படம் வருகிறது. அதற்குப் படம் கேட்கும் அறிவிப்பில், நிறம் ஏற்றாத, பியூட்டி மோடு போடாத படத்தை அனுப்புங்கள் என்று ஒரு வரி சேருங்கள். நிறையப் பேருக்குப் போனில் அது தானாகவே ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது, கேமரா செட்டிங்கில் போய் ஒரு தடவை அணைத்தால் போதும். இரண்டாவது, உங்கள் அச்சுப் பிரிவில் இருப்பவர்களுக்கு. செய்தித்தாளில் மை பரவும், படம் ஒரு படி இருட்டாகத்தான் விழும், அதற்காகக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி அனுப்புவது அச்சுத் தொழிலின் தேவை, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மொத்தப் படத்துக்கும் சேர்த்துக் கூட்டுங்கள். முகத்தை மட்டும் தனியாக வெளுக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் கை பக்கத்திலேயே இருக்கும், அதைப் பார்த்து நிறுத்துங்கள். எங்கள் ஆயாவின் கையும் பாப்பாவின் கன்னமும் ஒரே நிறம், எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் ஒரே நிறம். ஆயா கையில் சுருக்கம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது. கேமராவை எடுத்தாலே ஓடி வந்து லென்ஸில் விரலை வைத்துவிடுகிறாள், முகத்தை எடுப்பதற்குப் பதில் விரல் ரேகையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு மாதிரி உட்கார்ந்து பார்த்து எடுக்க முடியவில்லை, அது வேறு பாடம், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா போன வாரம் ஆத்தூரில் இருந்து பேசும்போது, "தம்பி, அந்த ஏற்காட்டுப் படத்தைப் பெருசா ஒண்ணு போட்டுக் குடு, எங்க ஹால்ல மாட்டணும்" என்றாள். அப்படியே போடவா என்று கேட்டேன். அப்படியே போடு என்றாள்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் அந்தப் படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் குழந்தைகள் பக்கத்தில் இடமிருந்தால் போடுங்கள். இடது கன்னத்தில் இருப்பது அழுக்கு இல்லை, அச்சுப் பிழையும் இல்லை. ஆயா வைத்த ஜவ்வரிசிப் பொட்டு. அதை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.